மெட்ஃபார்மினைப் பார்த்ததும் சர்க்கரை நோய் என்று எழுதிவிடாதீர்கள்

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் பி.ஃபார்ம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆறாவது செமஸ்டர் முடிந்ததும் சென்னையில் ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் க்ளெய்ம் பிரிவில் இரண்டு மாத இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. கூடப் படிப்பவர்கள் மருந்து கம்பெனிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறார்கள். "பில்லைப் பார்க்கவா மருந்தியல் படித்தாய்?" என்று கேட்கிறார்கள். அப்பா ஊரில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறார். "நோயாளிக்குப் பணம் கொடுக்காமல் இருக்க வழி தேடுகிற வேலை அது" என்கிறார். நான் போகலாமா? போனால் கல்லூரிப் பயிற்சிக் கணக்கில் சேருமா? அங்கே என்ன கற்றுக்கொள்ள முடியும்?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

போங்கள். நானும் பி.ஃபார்ம் படித்தவள்தான். பதினைந்து வருடமாக க்ளெய்ம் பிரிவில்தான் வேலை. உங்கள் அப்பா சொன்னதை நானும் என் வீட்டில் கேட்டிருக்கிறேன். அது தள்ளிவிடக்கூடிய பேச்சு இல்லை, அதற்கு வருகிறேன். முதலில் கல்லூரி விஷயத்தை முடித்துவிடலாம், அதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

இந்திய மருந்தியல் கவுன்சிலின் பி.ஃபார்ம் விதிப்படி, ஆறாவது செமஸ்டர் முடிந்து ஏழாவது தொடங்குவதற்குள் நான்கு வாரங்களில் குறைந்தது 150 மணி நேரப் பயிற்சி செய்தாக வேண்டும். எங்கெங்கே செய்யலாம் என்று ஒரு பட்டியலும் இருக்கிறது: உற்பத்திப் பிரிவு, தரக் கட்டுப்பாடு, ஆய்வகம், ஆஸ்பத்திரி, மருந்து ஆராய்ச்சி நிறுவனம், மருந்துக் கடை. பட்டியல் 'முதலியன' என்று முடிகிறது, ஆனால் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் அதில் இல்லை. 'முதலியன'வுக்குள் அது அடங்குமா என்பதை உங்கள் முதல்வர்தான் சொல்ல வேண்டும். "பார்த்துக்கலாம்மா" என்ற வாய்வார்த்தையை நம்பி ரயில் ஏறாதீர்கள். கிளம்புவதற்கு முன்பே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சான்றிதழில் தேதி, பிரிவு, மொத்த மணி நேரம் மூன்றும் இருக்க வேண்டும் என்று கம்பெனியிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். முதல்வர் தயங்கினால், அந்த 150 மணி நேரத்தை ஊருக்குப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் முடித்துவிட்டு, மீதி நாட்களைக் காப்பீட்டுக்கு ஒதுக்குங்கள். ஆறு வருடப் படிப்பான ஃபார்ம்.டி படிக்கும் தோழிகள் கேட்டால் அவர்களுக்குக் கதை வேறு. அவர்களின் ஆறாம் ஆண்டு முழுவதும் ஆஸ்பத்திரியில்தான்: பொது மருத்துவத்தில் ஆறு மாதம், வேறு மூன்று துறைகளில் இரண்டிரண்டு மாதம். காப்பீட்டு நிறுவனத்தை அதற்குப் பதிலாகக் காட்ட முடியாது.

சரி, இப்போது அப்பா சொன்னதற்கு வருவோம்.

க்ளெய்ம் பிரிவு என்பது பெரிய ஹால். வரிசையாக கம்ப்யூட்டர்கள். ஆஸ்பத்திரியின் இன்ஷூரன்ஸ் டெஸ்க்கிலிருந்து ப்ரீ-ஆத் கோரிக்கைகள், அதாவது சிகிச்சைச் செலவுக்கு முன்அனுமதி கேட்பவை, வந்துகொண்டே இருக்கும். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு, அதாவது கம்பெனியே நேராக ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டும் கோரிக்கைக்கு, ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் நேரத்து இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கையில் இருக்கிறது. மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி ஆஸ்பத்திரி கூடுதலாகப் பணம் கேட்டால், அதைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும். அதனால் ஒவ்வொரு ஃபைலுக்கும் பக்கத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஃபைல் யாருடையதோ அவர் அதே நேரத்தில் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். ஊசி எடுத்தாகிவிட்டது, பையைக் கட்டியாகிவிட்டது, மகன் கவுன்ட்டரில் நிற்கிறான். இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு ஃபைலையும் திறக்க வேண்டும்.

இந்த அவசரத்தில்தான் மருந்து தெரிந்தவருடைய அருமை தெரியும். நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த நான்காவது மாதம். இருபத்தொன்பது வயதுப் பெண், சிறுநீரகத்தில் கிருமித்தொற்று, காய்ச்சலோடு சேர்த்திருந்தார்கள். பாலிசி எடுத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஃபைலில் பழைய மருந்துச் சீட்டு ஒன்று இருந்தது. மெட்ஃபார்மின் 500, தினம் இரண்டு வேளை. சிறுநீர்த் தொற்று, கூடவே சர்க்கரை நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் மெட்ஃபார்மின். நான் யோசிக்கவே இல்லை. "ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர், விண்ணப்பத்தில் மறைத்திருக்கிறார்" என்று எழுதி, நிராகரிக்கலாம் என்று பரிந்துரைத்து அனுப்பிவிட்டேன். எங்கள் மூத்த மருத்துவர் என்னைக் கூப்பிட்டு மூன்றே கேள்வி கேட்டார். "எச்பிஏ1சி எவ்வளவு?" மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை அது. ஃபைலிலேயே இருந்தது, 5.2, சாதாரண அளவு. "சீட்டு எழுதிய டாக்டர் யார்?" மகப்பேறு மருத்துவர். "ப்ரப்போசல் ஃபார்மைத் திறந்து பார்த்தாயா?" பார்க்கவில்லை. பாலிசி எடுக்கும்போது நிரப்பும் அந்த விண்ணப்பத்தில் அந்தப் பெண், மாதவிடாய்க் கோளாறுக்கு மருந்து எடுக்கிறேன் என்று தன் கையாலேயே எழுதியிருந்தார். சினைப்பை நீர்க்கட்டிக்கு, அதாவது பி.சி.ஓ.எஸ்.ஸுக்கு, கொடுத்த மெட்ஃபார்மின் அது. அவர் எதையும் மறைக்கவில்லை. பரீட்சையில் நானே எழுதிய பதில்தான் இது, ஆனால் ஃபைலைப் பார்த்தபோது நினைவுக்கு வரவில்லை. அன்று அந்த மருத்துவர் விடுப்பில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஒரு மருந்துக்குப் பல வேலை உண்டு. இது உங்களுக்குப் பாடம், பக்கத்து சீட்டில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ப்ரொப்ரனலால் என்றதும் ரத்த அழுத்தம் என்பார்கள். ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கவும், கை நடுக்கத்துக்கும் அதைக் கொடுப்பார்கள். ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் சாப்பிடுபவருக்கு மனநலப் பிரச்சினை என்று எழுதிவிடுவார்கள், அவருக்கு நரம்பு வலியாக இருக்கும். மெத்தோட்ரெக்ஸேட்டைப் பார்த்துப் புற்றுநோயோ என்று பதறுவார்கள். வாரம் ஒரு முறை 7.5 மில்லிகிராம் என்றால் பெரும்பாலும் அது முடக்குவாதம். சில்டெனாஃபில் 20 மில்லிகிராம் மூன்று வேளை என்றிருந்தால் நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தமா என்று முதலில் பாருங்கள். தயமின் (வைட்டமின் பி1) ஊசியைக் கண்டதும் குடிப்பழக்கம் என்று முடிவு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பல நாள் வாந்தியெடுத்து எதுவும் உள்ளே இறங்காமல் வந்தவருக்கும் தயமின் போடுவார்கள்.

இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. 'ஏற்கெனவே உள்ள நோய்' என்று ஒரு தடவை முத்திரை விழுந்தால், அந்த நோய்க்குப் பாலிசியில் 36 மாதம் வரை பணம் கிடைக்காத காத்திருப்புக் காலம் வரலாம். 'மறைத்தார்' என்று விழுந்தால் பாலிசிக்கே ஆபத்து. ஐந்து வருடம், அதாவது தொடர்ந்து 60 மாதம், பாலிசி நடந்துவிட்டால் மோசடி நிரூபணமானால் ஒழிய மறைத்தார் என்ற காரணத்தைக் கிளப்ப முடியாது. அதற்கு முன்னால் இருப்பவர்களின் கதிதான் நாம் எழுதும் ஒரு வரியில் தொங்குகிறது. மருந்தை வைத்து நோயைச் சந்தேகிக்கலாம், அது வேலையின் பகுதி. ஆனால் மருந்தை மட்டும் வைத்து நோயை எழுதக் கூடாது. எழுதிய டாக்டர் எந்தத் துறை, டோஸ் என்ன, பரிசோதனை முடிவு என்ன சொல்கிறது, இந்த மூன்றையும் பார்த்த பிறகு எழுதுங்கள். இரண்டு மாதத்தில் இந்த ஒரு பழக்கம் வந்தால்கூடப் போதும், நீங்கள் போய் வந்தது வீண் இல்லை.

அடுத்தது மருந்து பில். ஆஸ்பத்திரி பில்லில் பக்கம் பக்கமாக நீளும் பகுதி இதுதான், கவனித்துப் பார்க்க ஆள் குறைவாக இருக்கும் பகுதியும் இதுதான். இன்டர்ன் என்றால் பெரும்பாலும் உங்களிடம்தான் தள்ளுவார்கள். சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

காப்பீட்டில் விலக்குகளுக்கு நிலையான வாசகங்களும் எண்களும் இருக்கின்றன. 01 ஏற்கெனவே உள்ள நோய், 02 குறிப்பிட்ட நோய்களுக்கான காத்திருப்பு, 03 பாலிசி எடுத்ததும் வரும் முதல் முப்பது நாள், 04 வெறும் பரிசோதனைக்காகச் சேர்வது, இப்படிப் போகும். 14ஆவது விலக்கு உங்களுக்கானது. மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடிய ஊட்டச்சத்துப் பொருட்கள், வைட்டமின்கள், தாது உப்புகளுக்குப் பணம் கிடையாது என்கிறது. ஆனால் அந்த வாக்கியம் அங்கே முடியவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சையின் பகுதியாக மருத்துவர் எழுதியிருந்தால் இந்த விலக்கு பொருந்தாது என்று சேர்த்தே சொல்கிறது. முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடும் ஒரு பெரியவர், ரத்தக்கசிவோடு வந்திருந்தார். கசிவை நிறுத்த வைட்டமின் கே ஊசி போட்டிருந்தார்கள். பில்லில் 'வைட்டமின்' என்ற சொல்லைப் பார்த்ததும் ஒருவர் வெட்டிவிட்டார். தொகை சிறியதுதான். ஆனால் உயிரைக் காப்பாற்றிய மருந்தை "இது ஊட்டச்சத்து" என்று அந்தக் குடும்பத்துக்குக் கடிதம் அனுப்பினால் அவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? ரத்தசோகையோடு சேர்ந்தவருக்கு ஏற்றிய இரும்புச்சத்து ஊசியும் இதே மாதிரி வெட்டுப்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று கொஞ்சம் பெரிய தொகை. சில பாலிசிகளில் அறை வாடகைக்கு உச்சவரம்பு இருக்கும். நாளுக்கு 5,000 ரூபாய் வரை என்ற பாலிசியை வைத்துக்கொண்டு 8,000 ரூபாய் அறையில் தங்கினால், டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் போன்றவையும் எட்டுக்கு ஐந்து என்ற விகிதத்தில் குறையும். அறை உயர்ந்தால் இவையும் உயரும் என்ற கணக்கு அது. ஆனால் மருந்து, நுகர்பொருட்கள், உள்ளே பொருத்தும் கருவிகள், பரிசோதனைக் கட்டணங்கள், இவற்றில் இந்த விகித வெட்டைப் போடக் கூடாது என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் சொல்லிவிட்டது. எந்த அறையில் படுத்தாலும் மாத்திரையின் எம்.ஆர்.பி. ஒன்றுதானே! மருந்து பில் 60,000 ரூபாய் என்று வையுங்கள். தவறி அதிலும் விகித வெட்டைப் போட்டால் 22,500 ரூபாய் போய்விடும். விசாரித்துக் கேட்கத் தெரியாத குடும்பம் என்றால் நகையை வைத்து அந்தப் பணத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடும். வெட்டுக் கணக்கு எப்படிப் போடப்பட்டிருக்கிறது என்று நீங்கள் ஒரு முறை விரலால் தொட்டுப் பாருங்கள்.

எண்ணிக்கையையும் பாருங்கள். மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக் ஊசி 1 கிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஐந்து நாள். ஒரு கிராம் வயல், அதாவது மருந்துக் குப்பி, பதினைந்து ஆக வேண்டும். பில்லில் முப்பது இருந்தால் கூடுதலாகப் போட்டுவிட்டார்கள் என்று சட்டென்று பாதியை வெட்டத் தோன்றும். மூளைக்காய்ச்சலாக இருந்தால் ஒரு வேளைக்கு 2 கிராம் கொடுப்பார்கள், முப்பதுதான் சரி. நோயாளியின் மருந்து அட்டவணையை வாங்கிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அட்டவணையிலும் பதினைந்துதான் என்றால், அப்போது ரிட்டர்ன் பில் எங்கே என்று தாராளமாகக் கேளுங்கள். மீந்த வயல்களைத் திருப்பிவிட்டு, திருப்பிய கணக்கைக் காட்டாமல் விடும் இடங்களும் உண்டு. இதை உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள். நியாயமில்லாத பில்லுக்குக் கொடுக்கும் பணமும் அடுத்த வருட ப்ரீமியமாக அவரைப் போன்றவர்கள் தலையில்தான் வந்து விழுகிறது. மறுக்க வேண்டியதை மறுப்பதில் எனக்குக் கூச்சமே இல்லை. கொடுக்க வேண்டியதைப் படிக்காமல் மறுத்துவிடுவோமோ என்பதுதான் எனக்குப் பயம்.

க்வெரி பற்றியும் ஒரு வார்த்தை. ஃபைலில் ஏதாவது குறைந்தால் ஆஸ்பத்திரிக்குக் கேள்வி அனுப்புவோம், அதைத்தான் க்வெரி என்போம். புதிதாக வருபவர்கள் பயத்தில் எல்லாவற்றையும் கேட்டுவிடுவார்கள். "முழு கேஸ் ஷீட் அனுப்பவும், எல்லாப் பழைய சீட்டுகளும் அனுப்பவும்" என்று. அதற்குள் டிஸ்சார்ஜ் சாயங்காலத்திலிருந்து மறுநாளுக்குப் போய்விடும். உங்களுக்கு எது தெரிந்தால் முடிவெடுக்க முடியுமோ அதை மட்டும், ஒரே தடவையில், மருந்தின் பெயரோடு கேளுங்கள். "மெட்ஃபார்மின் எந்த நோய்க்காக, எப்போதிலிருந்து கொடுக்கப்படுகிறது என்று சிகிச்சை அளித்த மருத்துவர் குறிப்பிடவும்" என்ற ஒரு வரி, பத்து காகிதம் கேட்பதைவிட மேல். நான் அன்று எழுதியிருக்க வேண்டிய வரி அதுதான்.

நீங்கள் இன்டர்ன் என்பதை மறக்காதீர்கள். முடிவு உங்களுடையது இல்லை, பரிந்துரை மட்டும்தான். அதே 2024 சுற்றறிக்கைப்படி, கம்பெனியின் மறுஆய்வுக் குழு ஒப்புக்கொள்ளாமல் எந்த க்ளெய்மையும் நிராகரிக்கக் கூடாது. அதனால் உங்கள் பெயரில் லாகின் கொடுத்து "நீயே ரிஜெக்ட் அழுத்திவிடு" என்று யாராவது சொன்னால், உங்களுக்கு வழிகாட்டும் மருத்துவர் யார் என்று கேட்டு அவரிடம் போங்கள். கேட்பதில் தப்பே இல்லை. மறுக்கப்பட்டவர்கள் என்ன ஆகிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவு, அப்புறம் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். சென்னையிலும் அவருக்கு அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு வழங்க உத்தரவிட முடியும். முடிந்தால் அங்கிருந்து திரும்பி வந்த பழைய ஃபைல்கள் இரண்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எந்த இடத்தில் நாம் சறுக்கினோம் என்று அவற்றில் பளிச்சென்று தெரியும். எந்த வகுப்பிலும் அதைச் சொல்லித்தர மாட்டார்கள்.

நோயாளியின் காகிதங்களை ஃபோனில் படம் எடுக்காதீர்கள். சந்தேகம் கேட்பதற்காகத் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில்கூடப் போடாதீர்கள்.

வேலை வாய்ப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இங்கே கற்பது மெடிக்கல் கோடிங்குக்கும், மருந்துப் பக்கவிளைவுக் கண்காணிப்புக்கும், பாலிசி கொடுப்பதற்கு முன் உடல்நிலையை மதிப்பிடும் பிரிவுக்கும் உதவும். மருந்தாளுநர் பதிவை எப்படியும் செய்துவையுங்கள். பிறகு உங்களுக்கே கடை வைக்கத் தோன்றினாலும் தோன்றும்.

கிளம்புவதற்கு முன் இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, உங்கள் வீட்டிலோ சொந்தத்திலோ யாரிடமாவது உடல்நலப் பாலிசி இருந்தால் அதன் முழு வாசகத்தையும் வாங்கி, விலக்குகள் உள்ள பக்கங்களைப் பென்சிலோடு படியுங்கள். புரியாத இடத்தில் கோடு போட்டு வைத்தால் முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இன்னொன்று, அப்பாவின் கடையில் ஒரு நாள் உட்காருங்கள். பல பாலிசிகளில் ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன் 30 நாள், வெளியே வந்த பிறகு 60 நாள் மருந்துச் செலவுக்கும் பணம் உண்டு. சென்னையில் உங்கள் மேசைக்கு அப்படி வரும் பில்களில் பல, இதே போன்ற ஊர்க் கடைகளில் எழுதியவை. நோயாளி பெயர் இருக்காது. டாக்டர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'செல்ஃப்' என்று இருக்கும். பேட்ச் எண் இருக்காது, தேதி அழிந்திருக்கும். சில நேரம் பில்லே இருக்காது, துண்டுச் சீட்டில் மொத்தத் தொகை மட்டும் இருக்கும். மருந்து வாங்கியது உண்மை, சாப்பிட்டதும் உண்மை, ஆனாலும் அந்தப் பணத்தை எங்களால் கொடுக்க முடிவதில்லை. அறுபது நாள் இதய மாத்திரைக்கான காசு அப்படிப் போவதைப் பார்க்க மனசு கேட்காது. அப்பாவின் பில் புத்தகத்தைப் புரட்டுங்கள். ஆபரேஷன் முடிந்து வந்தவர் மருந்து வாங்க வந்தால், முழுப் பெயர், டாக்டர் பெயர், பேட்ச் எண், தேதி எல்லாம் போட்டு எழுதி, "மருந்துச் சீட்டோடு சேர்த்துப் பத்திரமா வெச்சுக்கோங்க, இன்ஷூரன்ஸுக்கு வேணும்" என்று சொல்லிக் கொடுக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால், ரயில் ஏறுவதற்குள் அவருக்கு நீங்கள் சொல்லிக்கொடுங்கள்.